நகைச்சுவை இசைத்தட்டு

கேலிப்பாட்டு, பகடி, நையாண்டி உரையாடல் ஆகியவற்றைப் பதிவுசெய்து விற்ற கிராமபோன் தட்டு வகை. நாடக மேடையின் பபூன் (கோமாளி) பாட்டோடு நெருங்கிய உறவுடையது.

அமைப்பு: பெரும்பாலும் 10 அங்குல அரக்குத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கம் சுமார் 3 நிமிடமே ஓடியதால் பாட்டும் பேச்சும் சுருக்கப்பட்டன. முழு நாடகங்கள் பல தட்டுகள் கொண்ட தொகுதிகளாக வந்தன. சாவி கொடுத்து இயக்கும் கிராமபோன் பெட்டியில் எஃகு ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது.

வரலாறு: இந்தியாவில் வணிக ஒலிப்பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. 1930களில் ஏ. வி. மெய்யப்பன் பங்குதாரராக இருந்த சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் முத்திரையில் தமிழ்த் தட்டுகளை விற்றது. நகைச்சுவைப் பாட்டில் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957), டி. ஏ. மதுரம் இணை புகழ்பெற்றது. ‘நல்லதம்பி’ (1949) படத்தில் கிருஷ்ணன் நிகழ்த்திய ‘கிந்தனார்’ காலட்சேபம், நாகை அருகே நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைத் தழுவிய பகடி; ஒடுக்கப்பட்ட சிறுவன் கல்வியால் உயர்வதைச் சொல்வது.

பரவல்: திருத்துறைப்பூண்டி உள்ளிட்ட காவிரி டெல்டா ஊர்களில் கல்யாணப் பந்தல், கோயில் திருவிழாக்களின் குழாய் ஒலிபெருக்கி வழியே இசைத்தட்டுகள் பொதுமக்களை எட்டின.

முடிவு: 1970களில் 78 சுற்றுத் தட்டு வழக்கொழிந்தது, 1980களில் ஒலிநாடா இசைத்தட்டுகளின் இடத்தைப் பிடித்தது.