செஞ்சி நாயக்கரின் புதுப்பட்டினம்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் செஞ்சியை அணுகும்போது பாறைகள் அடர்ந்த மூன்று குன்றுகள் தோன்றுகின்றன. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்பன அவற்றின் பெயர்கள். மூன்றையும் பிணைத்து முக்கோணமாக மதில் ஓடுகிறது. இராசகிரியின் உச்சி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. 2025 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகளுள் ஒன்றாக இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. சிவாஜி இதனைக் கைப்பற்றியது 1677 இல். நாம் இங்குக் காணவிருப்பது அதற்கு எண்பது ஆண்டுகள் முற்பட்ட செய்தி.

அக்காலத்தில் விசயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடருக்கு அடங்கியவராகப் பெயரளவில் விளங்கிச் செஞ்சியை ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். 1597 இல் ஏசு சபைத் துறவியாகிய பிமெண்டா செஞ்சிக்கு வந்தார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் மிகப் பெரியது இதுவே என்றும், லிஸ்பனைத் தவிரப் போர்ச்சுகலில் இதனினும் பெரிய நகரம் இல்லை என்றும் அவர் எழுதினார். அத்தகைய நகரத்தை உடையவருக்கு வேறொரு நகரம் எதற்கு? ஆயினும் நாயக்கர், வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தருகே தம் பெயரால் கிருஷ்ணப்பட்டினம் என்றொரு புதிய நகரை எழுப்பத் தொடங்கியிருந்தார். கடல் வாணிகத்தின் வருவாயைக் கருதியதும் அதற்கு ஒரு காரணமாகலாம். ஆனால் ஊருக்குத் தம் பெயரையே சூட்டியதில் வருவாய்க் கணக்கு ஏதுமில்லை.

அவர் ஆணையிட்டால் அதனை மறுப்பார் எவருமில்லை என்ற நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதையும் பிமெண்டாவின் கடிதம் காட்டுகிறது. முன்பு தம்மைச் சிறையிட்ட சிற்றப்பரை, விடுதலை பெற்றபின் நாயக்கர் சிறையிலிட்டுக் கண்களையும் பறித்தாராம். சிதம்பரத்தில் கோவிந்தராசர் சந்நிதியின் திருப்பணியை அவர் முன்னின்று நடத்தியபோது, நடராசர் கோயிலுக்கு ஊறு நேருமென அஞ்சிய அர்ச்சகர் தடுத்தனர். நாயக்கர் இணங்கவில்லை. அவர்களுள் இருபதின்மர் கோபுரத்தின் மேலிருந்து குதித்து மாண்டனர். எஞ்சியோரைச் சுடும்படி நாயக்கர் ஆணையிட, இருவர் வீழ்ந்தனர். பிமெண்டா பிற சமயத்தார். நம் கோயில்களைப் பற்றி அவர் சொல்வனவற்றை நிறுத்துப் பார்த்தே கொள்ளவேண்டும். எனினும் இந்நிகழ்ச்சி அவர் சிதம்பரத்திலிருந்த நாளில் நிகழ்ந்தது என்பதை மறத்தல் ஆகாது.

இருபதாம் நூற்றாண்டிலும் இதற்கு இணையான ஒன்றைக் காண்கிறோம். ஜெர்மனியின் சர்வாதிகாரி ஹிட்லர், பெர்லின் நகரை இடித்து உலகத் தலைநகராக்க விரும்பி, 1937 இல் ஆல்பர்ட் ஸ்பேர் என்னும் கட்டடக் கலைஞரிடம் அப்பணியை ஒப்படைத்தார். 290 மீட்டர் உயரமுள்ள கவிகை மண்டபம் ஒன்று அதன் நடுவே எழவேண்டும். ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர் அதனுள் கூடவேண்டும். மனைகள் இடிக்கப்பட்டமையால் வீடிழந்தோருக்கு இடம் தர, யூதர் தம் வீடுகளினின்று வெளியேற்றப்பட்டனர். கல்லுடைத்தோர் வதை முகாம்களின் கைதிகள். மண் தாங்குமா என்று அறிய 1941 இல் 12,650 டன் எடையுள்ள கற்காரைத் தூண் ஒன்றைக் கட்டினர். அது மண்ணில் இறங்கியது. மண்டபம் எழவேயில்லை, சோதனைத் தூண் மட்டும் இன்றும் நிற்கிறது. நாயக்கரையும் ஹிட்லரையும் ஒரே தட்டில் வைப்பது முறையன்று. காலமும் கொடுமையின் அளவும் வேறு. தடுக்க ஒருவருமில்லாத கையில் அளவுகோல் அகப்பட்டால் என்ன நேரும் என்பதை அறியவே இரண்டையும் அருகருகே வைத்தேன்.

கிருஷ்ணப்பட்டினத்துக்கு வருவோம். வேங்கடரின் மறைவுக்குப்பின் அரசுரிமைப் போர் மூண்டது. 1616 ஆம் ஆண்டையொட்டித் தோப்பூரில் நிகழ்ந்த போரில் நாயக்கர் தோற்ற பக்கத்தில் இருந்தார். செஞ்சியைத் தவிர ஏனைய கோட்டைகளை இழந்தார் என்பர். கடற்கரைப் பட்டினத்துக்கு அவர் இட்ட பெயரும் நிலைக்கவில்லை. வெள்ளாற்று முகத்தில் இன்று நாம் காணும் ஊருக்குப் பறங்கிப்பேட்டை என்பதே பெயர். பறங்கியர் என்று நம்மவர் அழைத்த அயல்நாட்டு வணிகரின் பெயர் அது!

செஞ்சியும் கைமாறியது. 1698 இல் முகலாயர், 1750 இல் பிரெஞ்சுக்காரர், 1761 இல் ஆங்கிலேயர் எனப் பலர் வந்தனர். லிஸ்பனோடு ஒப்பிடப்பெற்ற நகரின் தெருக்கள் வயல்களாயின. களஞ்சியங்களும் கல்யாண மகாலும் வேங்கடரமணர் கோயிலும் மட்டும் எஞ்சின. அக்கோயிலின் கற்றூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர் வண்டியேற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுசென்றனர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகளின் சிலையைச் சுற்றி நிற்பவை அத்தூண்களே.