தாய்வழிக் குடியும் தந்தைவழிப் பிரசாவுரிமையும்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பட்டினங்களிலிருந்து உள்ளே தள்ளி, தன் பெயரையே தாங்கிய குளத்தையும் அதன் நீரை நம்பிய நெல்வயல்களையும் சூழ அமைந்த இறக்காமம், தமிழ் பேசும் முஸ்லிம்களின் பழைய உழவூர்களுள் ஒன்று. ஒருவர் எந்த ஊருக்கு உரியவர், அந்த உரிமையை யார் உறுதிப்படுத்த வேண்டும் என்ற கேள்விகளுக்கு இத்தகைய ஊர்கள் வழக்காற்றின் வழியே ஒரு விடையைக் கொண்டிருந்தன. 1948 இல் சுதந்திர இலங்கையின் சட்டம் வேறொரு விடையைக் கொடுத்தது. இவ்விரண்டுக்கும் இடையிலிருந்த தூரம் குறைய ஐம்பத்தைந்து ஆண்டுகள் எடுத்தன என்பது, பிரசாவுரிமையின் வரலாற்றை எழுதுவோர் போதிய கவனம் செலுத்தாத ஓர் உண்மையாகும்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் குடியேற்றம் ஒரே காலத்தில் நிகழ்ந்ததன்று. போர்த்துக்கேயரின் ஆட்சிப் பகுதியிலிருந்து துரத்தப்பட்ட, சோனகர் எனப்படும் முஸ்லிம்கள் ஏறத்தாழ நாலாயிரம் பேரைக் கண்டி மன்னன் செனரத் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது பரவலாக எடுத்தாளப்படும் செய்தி. அதற்கு முன்னரும் பின்னரும் வணிகராகவும் உழவராகவும் மார்க்க அறிஞராகவும் பலர் இங்கு வந்து சேர்ந்தனர். இவ்வாறு வந்தோரையும் முன்பே இருந்தோரையும் ஒரே சமூகமாகப் பிணைத்த அமைப்பு குடி எனப்பட்டது. குடி என்பது தாய்வழியாகக் கணிக்கப்படும் மரபுக்குழு. பிள்ளை தந்தையின் குடியைச் சேராமல் தாயின் குடியையே சேரும். பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் இருந்து அக்குடியின் சார்பில் பேசுவதும், திருமணத்தின் பின் மணமகன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வதும், வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வதும் இந்த அமைப்பின் கூறுகளாகும். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இத்தாய்வழி முறை இப்பகுதியின் முஸ்லிம்களுக்கும் தமிழ் இந்துக்களுக்கும் பொதுவானதென விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

இந்த ஏற்பாட்டில் அயலவருக்கு ஒரு வாசல் திறந்தே இருந்தது என்பதைக் கருத வேண்டும். வெளியூரிலிருந்தோ கடல் கடந்தோ வந்த ஆண் ஒருவர் இங்கு மணம் முடித்தால், அவர் தம் வாழ்நாள் முழுவதும் வந்தவராகவே கருதப்பட்டாலும், அவருடைய பிள்ளைகள் பிறந்த நாளிலேயே தாயின் குடிக்கு உரியவர்களானார்கள். அவர்களுக்கென்று ஒரு மரைக்கார் இருந்தார், பள்ளிவாசலில் இடம் இருந்தது, தாய்வழியில் வரும் வீட்டிலும் வளவிலும் பங்கு இருந்தது. ஒருவர் இன்னாருடைய பிள்ளை என்பதற்கு அயலவரின் வாய்ச்சொல்லே சான்றாயிற்று.

1948 பெப்ரவரி 4 இல் சுதந்திரம் பெற்ற இலங்கை, அதே ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி நவம்பர் 15 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அச்சட்டம் பிரசாவுரிமையை இரு வகையாகப் பிரித்தது: பரம்பரையால் வருவது ஒன்று, விண்ணப்பித்துப் பதிவு செய்து பெறுவது மற்றொன்று. அந்நாளுக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் பரம்பரைப் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அந்நாளுக்குப் பின் பிறந்த பிள்ளைக்குத் தந்தை பிரசையாக இருப்பது நிபந்தனையாயிற்று. தாயின் வழி கணக்கில் எடுக்கப்பட்டது திருமண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளின் விடயத்தில் மட்டுமே. ஆகவே, மேலே கூறியவாறு கடல் கடந்து வந்த தந்தையின் பிள்ளை, ஊரின் கண்ணில் ஐயத்துக்கு இடமில்லாத குடிமகனாக இருந்தபோதும், சட்டத்தின் கண்ணில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டியவனானான். தாய்வழியே உரிமையை எண்ணிப் பழகிய ஒரு சமூகத்தின் மீது தந்தைவழிக் கணக்கு இவ்வாறு சுமத்தப்பட்டது.

சான்று பற்றிய சிக்கல் இதனினும் கடுமையானது. இலங்கையில் பிறப்புகளை அரசு பொதுவாகப் பதியும் முறை 1867 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் பின்னரே வேரூன்றியது. 1948 இல் ஐம்பது வயதான ஒருவருடைய பாட்டனும் பூட்டனும் பெரும்பாலும் அதற்கு முன்பே பிறந்தவர்கள்; அவர்களுக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருக்க வழியே இல்லை. ஐயத்துக்கு இடமான நிலையில் உள்ளோருக்கு அமைச்சர் தம் தற்றுணிபின்படி சான்றிதழ் வழங்கலாம் என்று சட்டம் இடமளித்தது உண்மையே; எனினும் அது அதிகாரியின் இசைவைப் பொறுத்த சலுகையாக இருந்ததேயன்றி உரிமையாக இருக்கவில்லை.

இச்சட்டத்தின் பெரும் சுமை விழுந்தது இந்திய வம்சாவளி மலையகத் தோட்டத் தொழிலாளர்மீது என்றாலும், 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கைச் சோனகரிடமிருந்து பிரித்து எண்ணப்பட்ட இந்தியச் சோனக வணிகரும் அதற்குத் தப்பவில்லை. அவர்களுக்காக இயற்றப்பட்ட 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம், 1946 சனவரி 1 க்கு முற்பட்ட காலத்தில், திருமணமானோர் ஏழு ஆண்டுகளும் மற்றோர் பத்து ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று விதித்தது. விண்ணப்பிக்க இரண்டு ஆண்டுகளே கொடுக்கப்பட்டன. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றபோதும், பிரசாவுரிமை கிடைத்தவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. உடன்பிறப்பின் திருமணத்துக்கோ பெற்றோரின் மரணத்துக்கோ தமிழ்நாட்டுக்குப் போய் வந்த பயணமும் வதிவின் தொடர்ச்சியைக் கேள்விக்கு உள்ளாக்கக்கூடியதாயிற்று. எஞ்சியோருள் பெரும்பாலோரின் தலைவிதியை 1964 அக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, அவர்களைக் கேளாமலே, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது.

இந்த நெடிய வரலாற்றில் மனிதரின் வாக்குக்கு மெதுவாகவே மதிப்பு வந்தது. சத்தியம் செய்வது சட்டத்துக்குப் புதிதன்று. இறைவன் பெயரால் சத்தியம் செய்வதற்குப் பதிலாக முஸ்லிம்களும் இந்துக்களும் பௌத்தரும் உறுதியுரை செய்யலாம் என்பதை 1895 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சத்தியங்கள் பற்றிய கட்டளைச் சட்டமே ஏற்றிருந்தது. நீதிமன்றத்தில் ஏற்கப்பட்ட அந்த வாக்கு பிரசாவுரிமையில் தக்க இடம் பெற்றது 1988 இல்தான்: அவ்வாண்டின் 39 ஆம் இலக்கச் சட்டம், நாடற்றோராக இருந்தவர்கள் தம் நிலையைச் சத்தியக்கடதாசி மூலம், அதாவது தாம் கூறுவது உண்மையென உறுதிசெய்து கையொப்பமிட்ட எழுத்துமூலக் கூற்றின் மூலம், நிறுவ வழிசெய்தது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வழித்தோன்றல்களும் பிரசைகளே என்று கூறி, அவர்களின் பிரகடனத்தையே சான்றாக ஏற்றது. அதே ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், தந்தை என்றிருந்த இடத்தில் பெற்றோருள் ஒருவர் என்று மாற்றித் தாய்க்கும் சமஉரிமை அளித்தது. ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்விரு மாற்றங்களும், தாய்வழி உரிமை, வாய்ச்சொல்லின் நம்பகம் என்ற இரண்டையும் அரசின் சட்டத்துக்குள் கொண்டுவந்தன.

பிற நாடுகளில் பிரசாவுரிமை ஏற்பு பொதுவிழாவாக வளர்ந்தது. கனடா 1947 சனவரி 3 இல் ஒட்டாவாவில் தன் முதல் விழாவை நடத்திப் பிரதமர் மக்கென்சி கிங்குக்கே முதற் சான்றிதழை வழங்கியது. பிரித்தானியா 2004 பெப்ரவரி 26 இல், தமிழர் பெருந்தொகையாக வாழும் இலண்டன் பிரெண்ட் நகர மண்டபத்தில் தொடங்கியது. அங்கே புதிய பிரசை தனக்கு அறிமுகமற்றவர்கள் முன்னிலையில் வாக்களிக்கிறார். குடி அமைப்பிலோ, பிள்ளையை அறிந்த ஊரே முதலில் அவரைத் தன்னவர் என்று சொல்கிறது.

2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கல்முனைக் கரையில் உயிர்களோடு பத்திரங்களையும் அள்ளிச் சென்றபின், தாம் யாரென்பதை மீண்டும் நிறுவ வேண்டியிருந்தவர்களுக்கு அயலவரின் சாட்சியம் இன்றியமையாததாயிற்று. மத்திய கிழக்கிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகள் பிறக்கும் இக்காலத்தில், வெளிநாட்டவரை மணந்த இறக்காமத்துத் தாய் தன் பிள்ளையின் பிறப்பை உரிய காலத்தில் இலங்கைத் தூதரகத்தில் பதிந்து, தன் வழியாகவே இலங்கைப் பிரசாவுரிமையைக் கொடுக்க முடிகிறது. அவளுடைய பாட்டி தலைமுறைக்குக் குடியில் இருந்து சட்டத்தில் இல்லாத உரிமை அது. இம்மாற்றத்தின் வேர்களைப் புரிந்துகொள்ள, முதியோரின் நினைவிலும் பள்ளிவாசல் ஏடுகளிலும் எஞ்சியிருக்கும் குடி வரலாறுகள் சட்டநூல்களுக்கு இணையான சான்றுகளாகத் தொகுக்கப்பட வேண்டும். அவை இல்லாமல் எழுதப்படும் பிரசாவுரிமை வரலாறு அரசு கேட்ட கேள்விகளை மட்டுமே பதிவு செய்யும், மக்களிடம் முன்பே இருந்த விடைகளைத் தவறவிடும்.