கோப்னர் விளைவு

ஒரு தோல்நோய் உள்ளவரின் நலமான தோலில் கீறலோ வெட்டோ தீப்புண்ணோ ஏற்படும்போது, அதே நோய் அந்தக் காயத்தின் வடிவத்தை ஒட்டிப் புதிதாக எழுவது கோப்னர் விளைவு எனப்படும். காளாஞ்சகப்படை என்று தமிழில் வழங்கும் சொரியாசிஸ், தோல் நிறமிழக்கும் வெண்புள்ளி, அரிப்புடன் ஊதா நிறத் தட்டைப் பருக்களை உண்டாக்கும் லைக்கன் பிளானஸ் ஆகிய மூன்று நோய்களிலும் இது ஐயத்துக்கு இடமின்றிக் காணப்படுகிறது.

இதனை விளக்கியவர் ஹைன்ரிக் கோப்னர் (1838–1904). இன்று போலந்தில் உள்ள, அன்று பிரஷ்யாவைச் சேர்ந்திருந்த பிரெஸ்லாவ் நகரில் பிறந்த இவர், பூஞ்சைகளால் தோல்நோய் வருவதை மெய்ப்பிக்கத் தம் உடலிலேயே அவற்றைத் தொற்றச்செய்து பார்த்தவர். சொரியாசிஸ் நோயாளி ஒருவருக்குத் தோல் சிராய்த்த இடத்திலும், குதிரை கடித்த இடத்திலும், பச்சை குத்திய இடத்திலும் ஒரே வகைப் படை தோன்றியதை அவர் 1872இல் தம் ஊரில் ஆற்றிய உரையில் எடுத்துரைத்தார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத காயங்கள் ஒரே விளைவைத் தந்ததால், காயத்தின் வகையைவிட அதைத் தாங்கும் தோலின் உள்நிலையே முதன்மையானது என்ற எண்ணத்துக்கு அவ்வுரை வழி திறந்தது. நோயெதிர்ப்பியல் ஒரு துறையாக உருப்பெறாத அந்நாளில் ஒரே நோயாளியைக் கூர்ந்து நோக்கி இவ்வளவு தொலைவு சென்றது பெருஞ்சாதனையே.

பின்வந்தோர் இப்பெயரைப் பல நோய்களுக்கும் தாராளமாகப் பயன்படுத்தியதால் குழப்பம் நேர்ந்தது. சொறிந்த கோட்டின் வழியே மரு வரிசையாக முளைப்பது வைரஸ் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பரவுவதால் மட்டுமே. ஆகவே பாய்ட், நெல்ட்னர் ஆகியோர் 1990இல் வெளியிட்ட வகைப்பாட்டில் அதனைப் போலி விளைவு எனப் பிரித்து வைத்தனர். உண்மையான விளைவு சொரியாசிஸ் நோயாளிகளில் ஏறத்தாழ கால்பங்கினரிடம் காணப்படுகிறது; காயத்துக்குப் பின் பெரும்பாலும் 10 முதல் 20 நாள்களில் வெளிப்பட்டாலும், சிலரிடம் மூன்றே நாள்களிலும் வேறு சிலரிடம் ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம்.

காயம் நோயைத் தணிப்பதும் உண்டு என்பது இவ்வரலாற்றின் வியப்பான மறுபக்கம். சொரியாசிஸ் படையின்மீதே காயம் பட்டால் அவ்விடம் ஆறித் தெளிவதுண்டு. இது தலைகீழ் கோப்னர் விளைவு. 1982இல் அயர், க்ரூகர் இருவரும் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு நோயாளியிடம் ஒரு நேரத்தில் இவ்விரு விளைவுகளில் ஒன்றே காணப்பட்டது. காயப்படுத்திய ஓரிடத்தில் படை எழுந்தால், அதுபோல் காயப்படுத்திய மற்ற இடங்களிலும் எழுந்தது. நோய் பெருகும் கட்டமா, தணியும் கட்டமா என்பதை உடல் முழுவதும் ஒருசேரக் காட்டுகிறது என்பதே இதன் பொருள்.

காயம் எவ்வாறு நோயைக் கிளறுகிறது என்பதில் 2007இல் ஒரு முன்னேற்றம் ஏற்பட்டது. கிருமிகளை எதிர்க்கத் தோல் சுரக்கும் எல்எல்-37 என்னும் புரதத்துணுக்கு, சிதைந்த செல்களிலிருந்து வெளிவந்த டிஎன்ஏவுடன் பிணைந்து, நோயெதிர்ப்புச் செல்களை ஏமாற்றி இன்டர்ஃபெரானைச் சுரக்கச் செய்கிறது எனக் கண்டறியப்பட்டது. உடலின் சொந்த டிஎன்ஏ அங்கே அந்நியக் கிருமியாகக் கருதப்பட்டு அழற்சி மூள்கிறது.

முடி வட்டமாக உதிரும் புழுவெட்டிலும் ஒரு நோய் மற்றொன்றைத் தடுக்கும் காட்சி உண்டு. புழுவெட்டும் சொரியாசிஸும் சேர்ந்து வந்தவரின் தலையில் படை படர்ந்த இடத்தில் மட்டும் முடி வளர்ந்திருந்ததைக் கண்ட ஜெர்மானியத் தோல்மருத்துவர் ருடால்ஃப் ஹாப்பிளும் உடன்பணியாற்றியோரும், 1991இல் அதற்குக் கோப்னரின் பெயரைத் திருப்பி எழுதி ரென்பொக் விளைவு எனப் பெயரிட்டனர். இதே ஹாப்பிள்தான், டைஃபென்சிப்ரோன் என்னும் வேதிப்பொருளைத் தலையில் தடவி வேண்டுமென்றே ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கி முடியை வளர்க்கும் சிகிச்சையை 1980களில் வளர்த்தெடுத்தவர்.

வெண்புள்ளியில் இவ்விளைவு அன்றாடக் கவலையாகிறது. சேலைக்குள் இறுக்கிக் கட்டும் பாவாடை நாடா உராயும் இடுப்பில் வெண்புள்ளி படர்வதை இந்திய மருத்துவர்கள் நன்கறிவர்; நாடாவைத் தளர்த்திக் கட்டுமாறு ஆரம்பத்திலேயே சொல்லாமல் விடுவது நோயாளிக்குச் செய்யும் குறை. வெண்புள்ளிக்குத் தோல் ஒட்டும்போதும் தோலெடுத்த இடமே வெளுத்துவிடக்கூடும் என்பதால், நோய் நெடுங்காலம் பரவாமல் நின்றபின்னரே அறுவை செய்யப்படுகிறது. நோய் நின்றுவிட்டதா என்பதில் ஐயம் இருப்பின் முதலில் சில சிறு துண்டுகளை மட்டும் ஒட்டி, அவற்றைச் சுற்றி நிறம் பரவுகிறதா எனச் சில மாதங்கள் பார்த்த பின்னரே முழுச் சிகிச்சை தொடங்குகிறது.