பெரம்பூர் தந்த பாதாள வண்டிகள்

2021ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் 24ஆம் நாள் கொல்கத்தா மாநகரில் ஒரு பிரிவு உபசாரம் நிகழ்ந்தது. விடைபெற்றுச் சென்றது மனிதர் எவரும் அல்லர். ஒரு ரயில் வண்டி. குளிரூட்டும் வசதி இல்லாத பழைய பாதாள வண்டிகளுள் கடைசி வண்டி அன்று பணியிலிருந்து ஓய்வு பெற்றது. சரியாக முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன், 1984ஆம் ஆண்டு அதே அக்டோபர் 24ஆம் நாளில்தான் இந்தியாவின் முதல் பாதாள ரயில் அந்நகரில் ஓடத் தொடங்கியது. தொடங்கிய நாளிலேயே விடைபெறும் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் தமிழர்களாகிய நமக்கு இச்செய்தியில் தனி அக்கறை உண்டு. அந்த வண்டிகள் சென்னைப் பெரம்பூரில் உருவானவை. நம்மைப் போலவே தெற்கிலிருந்து புறப்பட்டு, வேற்று மொழி வழங்கும் நகரில் உழைத்து, அந்நகரத்தின் சொத்தாகவே ஆகிவிட்டவை. அவற்றின் கதையைச் சற்றே நினைவுகூர்வோம்.

கல்கத்தாவுக்குப் பாதாள ரயில் வேண்டும் என்ற எண்ணம் மிகப் பழையது. லண்டன் மாநகரில் 1863ஆம் ஆண்டிலேயே நீராவி எஞ்சின்கள் நிலத்தடியில் வண்டிகளை இழுத்துச் சென்றன. அந்நகரத்துச் சுரங்கப் பாதைகளில் கைதேர்ந்த ஹார்லி டால்ரிம்பிள் ஹே என்ற பொறியியல் வல்லுநர், ஹூக்ளி ஆற்றின் அடியே கல்கத்தாவையும் ஹௌராவையும் இணைக்கும் ஒரு திட்டத்தை 1921ஆம் ஆண்டில் வகுத்தளித்தார். செலவு மிகுதி என்று அது கைவிடப்பட்டது. விடுதலைக்குப் பின் முதலமைச்சர் பிதான் சந்திர ராய் பிரெஞ்சு வல்லுநர்களை வரவழைத்து ஆராயச் செய்தார். அதுவும் ஏட்டளவில் நின்றது.

ஆனால் நகரின் நெருக்கடி நிற்கவில்லை. கல்கத்தாவின் பரப்பில் சாலைகளுக்கென அமைந்த இடம் 4.2 விழுக்காடே என்று அந்நாளில் கணக்கிட்டனர். டிராமும் பஸ்ஸும் கை ரிக்‌ஷாவும் பாதசாரிகளும் அந்தச் சிறு இடத்தையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மேலே இடமில்லை என்றால் கீழேதான் போகவேண்டும். 1969ஆம் ஆண்டில் ரயில்வே துறை இதற்கெனத் தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. சோவியத் வல்லுநர்களின் துணையோடு 1971ஆம் ஆண்டில் பெருந்திட்டம் தயாராயிற்று. 1972ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார்.

அதன் பின் வந்த ஆண்டுகளைக் கல்கத்தாவில் வாழ்ந்த மூத்தோர் எளிதில் மறக்கமாட்டார்கள். பாதையின் பெரும் பகுதி, மேலிருந்து பள்ளம் வெட்டி, இரு பக்கமும் சுவர் எழுப்பி, பெட்டி போலக் கட்டி, பின்னர் மூடும் முறையில் அமைந்தது. அதாவது, நகரின் முதன்மைச் சாலைகளையே வகிர்ந்து திறக்கவேண்டியிருந்தது. சௌரங்கியில் நடப்போர் பள்ளங்களின் ஓரமாகப் பலகைகளின் மீது நடந்தனர். மழைக் காலத்தில் பள்ளமெங்கும் நீர். நிதித் தட்டுப்பாடு, நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் இடம் மாற்றும் தொல்லை, நீதிமன்றத் தடைகள், இரும்பும் சிமெண்டும் வேளைக்கு வந்து சேராமை என இடையூறுகள் பல. இது முடியாத காரியம் என்று பேசியவர்கள் அந்நாளில் நிறைய உண்டு.

வடக்கே பெல்காச்சியாவுக்கும் ஷியாம்பஜாருக்கும் நடுவில் ஒரு கால்வாயும் ரயில்வே முற்றமும் குறுக்கிட்டன. அங்கே மேலிருந்து வெட்டுதல் இயலாது. ஆகவே நிலத்தடியிலேயே குடைந்து செல்ல நேர்ந்தது. அது இறுகிய பாறை நிலமன்று. ஆறு கொணர்ந்து சேர்த்த மெல்லிய களிமண். நீரும் சேறும் உட்புகாதபடி அழுத்தம் மிகுந்த காற்றைச் சுரங்கத்தினுள் நிரப்பி, அந்த அழுத்தத்திலேயே தொழிலாளர் நின்று குடைந்தனர். அப்படிக் குடைந்தவர்களின் பெயர்கள் எந்த நிலையத்தின் சுவரிலும் பொறிக்கப்படவில்லை.

பாதை இவ்வாறு உருவாக, அதில் ஓடும் வண்டிகளைத் தருவது யார்? 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிரதமர் நேரு தொடங்கிவைத்த பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நாம் அறிவோம். சுவிட்சர்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத் துணையோடு பிறந்த அத்தொழிற்சாலை, முப்பது ஆண்டு நிறைவதற்குள் பாதாள ரயில் பெட்டிகளைச் செய்யும் தகுதி பெற்றுவிட்டது. மின்பொறிகளுள் ஒரு பகுதி பெங்களூரிலிருந்து வந்தது. வண்டிக்கு வேண்டிய மின்சாரம் மேலே தொங்கும் கம்பியிலிருந்து அன்று, தண்டவாளத்தின் பக்கத்தே ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் அளவில் கிடைக்கும். நாட்டில் அதுகாறும் இத்தகைய வண்டி எதுவும் ஓடியதில்லை; பார்த்துச் செய்ய முன்மாதிரி இல்லை.

இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிடவேண்டும். பாதாள வண்டிகளைச் செய்தளித்த சென்னையில் அந்நாளில் பாதாள ரயில் கிடையாது. சென்னை மக்கள் தம் நகரின் நிலத்தடியில் முதன்முதலாகப் பயணம் செய்தது 2017ஆம் ஆண்டு மே திங்களில்தான். தான் செய்த வண்டியில் தன் ஊரில் ஏற இயலாத தொழிலாளி, முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அதனைப் பிறிதோர் ஊருக்கு அனுப்பிவைத்தான். அவன் கைத்திறனில் நாள்தோறும் பயணம் செய்தவர் வங்காளிகளும், அவர்களோடு சேர்ந்து வாழ்ந்த நாங்களுமே.

முதல் நாளில் ஓடிய தூரம் 3.4 கிலோமீட்டர், எஸ்பிளனேடு முதல் பவானிப்பூர் வரை ஐந்து நிலையங்கள். சில நாட்களில், நவம்பர் 12ஆம் நாள், வடகோடியில் தம்தம்முக்கும் பெல்காச்சியாவுக்கும் இடையே இன்னொரு துண்டு திறக்கப்பட்டது. நடுப்பகுதி ஆயத்தமாகாததால் இரு துண்டுகளும் ஒன்றையொன்று காணாமலே ஓடின. பயணிகள் குறைவென்று வடக்குத் துண்டை 1992ஆம் ஆண்டில் நிறுத்தவும் நேர்ந்தது; 1994இல் மீண்டும் ஓடிற்று. தெற்கே டாலிகஞ்சு வரை 1986இலேயே வண்டி வந்துவிட்டது. 1995ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள்தான் தம்தம் முதல் டாலிகஞ்சு வரை இடையறாத பாதை நிறைவெய்தியது. அடிக்கல்லிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள்.

அந்தப் பழைய வண்டியில் பயணம் எப்படி இருந்தது? இன்றைய இளைஞர்களுக்குச் சொன்னால் வியப்படைவர். சன்னல்கள் திறந்திருக்கும். வண்டி சுரங்கத்தினுள் புகுந்ததும் சக்கரத்தின் ஓசை சுவரில் மோதித் திரும்பி வரும்; அருகில் இருப்பவரிடம் பேசுவதென்றால் காதருகே குனிந்து பேசவேண்டும். அடுத்த நிலையம் நெருங்க ஓசை தணியும். நிறுத்திவைத்த பேச்சு மீண்டும் தொடரும். இவ்வாறு நிலையத்துக்கு நிலையம் துண்டு துண்டாக உரையாடுவதே எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. ரவீந்திர சதன் நிலையத்தின் சுவர்களில் தாகூரின் கையெழுத்தும் சித்திரங்களும் நம்மை வரவேற்கும். காளிகாட் நிலையத்தில் இறங்கி மேலேறினால் ராஷ்பிஹாரிச் சந்தி. அங்கிருந்து சிறிது நடந்தால் லேக் மார்க்கெட். வாழையிலையும் முருங்கைக்காயும் காப்பிப்பொடியும் வாங்கிக்கொண்டு, கையில் பையோடு அதே வண்டியில் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ!

குளிரூட்டாத வண்டியை நிலத்தடியில் ஓடவிட்டது எங்ஙனம் என்று கேட்கலாம். அக்காலத்து ஏற்பாடு வேறு. வண்டியைக் குளிர்விப்பதற்கு மாறாக, நிலையத்தையும் சுரங்கத்தையும் குளிர்வித்தார்கள். வெளிக்காற்றை உள்ளிழுத்து, நீரால் கழுவித் தூசி நீக்கி, குளிரச் செய்து கீழே செலுத்தினர். திறந்த சன்னல் வழியே அக்காற்று பயணிகளை அடைந்தது. கூட்டம் அளவோடு இருந்த வரை இம்முறை இனிதே நடந்தது. பாதை நீண்டு, பயணிகள் பெருகி, பெட்டிக்குள் நெருக்கம் மிகுந்தபோது அது போதாதாயிற்று. வைகாசி வெயிலில் மாலை வேளையில் அவ்வண்டியில் நின்று வந்தவர்கள் அதன் புழுக்கத்தையும் மறக்கமாட்டார்கள். பழையது என்பதாலேயே ஒன்றைப் போற்றுவது நேர்மையன்று.

ஆகவே 2010ஆம் ஆண்டு அக்டோபரில் குளிரூட்டிய வண்டிகள் வந்தபோது நகரம் மகிழ்ந்து வரவேற்றது. அவையும் பெரம்பூரில் பிறந்தவையே. பின்னர்ச் சீனத்துத் தாலியன் நகரில் செய்த வண்டி 2019ஆம் ஆண்டில் வந்து, நெடுநாள் சோதனைக்குப் பின் 2023ஆம் ஆண்டு மார்ச்சில் பணிக்கு வந்தது. 2024ஆம் ஆண்டு மார்ச்சில் ஹூக்ளி ஆற்றின் அடியே ஹௌராவுக்கும் வண்டி ஓடலாயிற்று. 1921ஆம் ஆண்டில் ஏட்டில் வரைந்த கனவு நூற்றுமூன்று ஆண்டுகள் கழித்து நனவாயிற்று.

புதிய வண்டிகளில் சன்னல் திறவாது; ஓசை குறைவு; குளிர்ச்சி நிறைவு. முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் இது பெரும் நன்மை. அதை மறுப்பார் யாருமிலர். எனினும் பழைய வண்டி போனபோது எங்கள் மனம் கனத்தது ஏன்? ஒரு தலைமுறையின் வாழ்க்கை அதனுள் நடந்தது. முதல் வேலைக்குப் போனதும், பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும், ஊரிலிருந்து வந்த பாட்டியை முதன்முறையாக நகரும் படிக்கட்டில் கைபிடித்து ஏற்றியதும் அவ்வண்டியோடு கூடிய நினைவுகள். நூல்களில் அடிக்கல் நாட்டியவர் பெயரும் நாளும் இருக்கும். பாட்டி படிக்கட்டின் முன் தயங்கி நின்றது இராது.

நேயர்களே, வெளி மாநிலங்களில் வாழும் நம் வரலாறும் இத்தகையதே. வந்த ஆண்டும் சேர்ந்த அலுவலகமும் ஏடுகளில் இருக்கலாம். நாள்தோறும் போய்வந்த வழியும், அவ்வழியில் நமக்கு இடம் தந்து அமர்த்திய அந்நகரத்து மக்களின் அன்பும் ஏட்டில் ஏறவில்லை. அவற்றை அறிந்த மூத்தோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். இரும்புப் பெட்டி உடைந்தால் அதன் படமாவது எஞ்சும். சொல்லாமல் விட்ட நினைவு எஞ்சுவதில்லை. ஆகையால் நம் வீட்டுப் பெரியோரிடம் கேட்போம்: எந்த வண்டியில் வந்தீர்கள், எங்கே இறங்கினீர்கள், முதல் நாள் வழி சொன்னவர் யார் என்று. கேட்டதைத் தமிழில் எழுதிவைப்போம்.

பெரம்பூர்த் தொழிலாளி தான் செய்த வண்டி எங்கே ஓடியது என்பதைக் கண்ணால் காணாமலே ஓய்வு பெற்றிருக்கலாம். அது முப்பத்தேழு ஆண்டுகள் ஒரு நகரைச் சுமந்தது என்று அவன் பேரனுக்குச் சொல்ல அதில் ஏறிப் பழகிய நாம் இருக்கிறோம். அதை மறவாமல் சொல்வதே அந்த வண்டிக்கு நாம் செலுத்தும் நன்றி.