பாங்காக், சிங்கப்பூர் டூர் போறீங்களா? ராத்திரி நேரத்துல உஷார்!

கோவை:
"டார்கெட்" முடித்த டீலர்களுக்கு கம்பெனி தரும் பரிசு டூர் என்றாலே முதலில் வரும் பெயர் பாங்காக் - பட்டாயாதான். சிமெண்ட், பம்ப்செட், பூச்சி மருந்து டீலர்கள் என்று கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் இருந்து கோஷ்டி கோஷ்டியாகப் போகிறார்கள். திருப்பூர் பனியன்காரர்களுக்கு பாங்காக்கின் பிரதுனாம் துணி மார்க்கெட் பழகிய இடம். சிங்கப்பூருக்கோ கோவையில் இருந்தே நேரடி விமானம் இருக்கிறது.

பகலில் கைடு கூடவே வருவார். சிக்கல் எல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான். "சும்மா ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துரலாமுங்க" என்று கிளம்புபவர்கள் பணத்தையும் மானத்தையும் தொலைக்காமல் திரும்ப சில விவரங்கள்:

பில்லைப் பார்த்து குடிங்க

பாங்காக்கில் பட்போங், நானா, சோய் கவ்பாய், பட்டாயாவில் வாக்கிங் ஸ்ட்ரீட் ஆகியவை இரவு பார்களுக்குப் பேர் போனவை. பக்கத்தில் வந்து உட்காரும் பெண்ணுக்கு வாங்கித் தரும் பானத்துக்கு "லேடி டிரிங்க்" என்று பெயர். சாதாரண விலையை விட இது அதிகம். அதில் அந்தப் பெண்ணுக்கும் கமிஷன் உண்டு. ஒவ்வொரு ரவுண்டுக்கும் பில் சீட்டை மேஜையில் உள்ள சின்ன கப்பில் செருகி வைப்பார்கள். அவ்வப்போது எடுத்துப் பார்ப்பது நல்லது.

"ஷோ இலவசம், பீர் மட்டும் 100 பாட்" என்று ரோட்டில் அட்டையைக் காட்டி மாடிக்குக் கூப்பிடுபவர்கள் பின்னால் போகவே கூடாது. உள்ளே போனால் பில் ஆயிரக்கணக்கில் வரும், கதவை மறித்து ஆள் நிற்பான். அந்த இடத்தில் சண்டை போடாமல் வெளியே வந்து டூரிஸ்ட் போலீசுக்கு 1155-ல் போன் போடலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

தாய்லாந்தில் எல்லாமே சகஜம் என்று நினைப்பது தப்பு. 1996-ம் ஆண்டு சட்டப்படி அங்கே விபசாரம் குற்றம். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் ஜெயில்தான். வெளிநாட்டில் செய்த குற்றத்துக்காக இந்தியக் குடிமகன் மீது இங்கேயும் வழக்கு போட பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம் உண்டு. கட்டாயப்படுத்தி, ஏமாற்றி கொண்டு வரப்பட்ட பெண்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

குடிக்க 20 வயது ஆகியிருக்க வேண்டும். "வேப்" எனும் இ-சிகரெட்டுக்கு 2014 முதல் தடை. கஞ்சாவுக்கு 2022-ல் தளர்வு கொடுத்தார்கள். 2025 ஜூனில் டாக்டர் சீட்டு கட்டாயம் என்று மறுபடி இறுக்கி விட்டார்கள்.

சிங்கப்பூர் இன்னும் கறார். 2013-ல் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு சட்டம் கடுமையானது. 2015 ஏப்ரல் முதல் இரவு 10.30 மணியில் இருந்து காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கத் தடை. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதியில் கட்டுப்பாடு இன்னும் அதிகம். வாயில் அதக்கும் புகையிலை பாக்கெட்டை ஊரில் இருந்து கொண்டு போனாலும் குற்றமே. 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்கு. அதனால் யார் கெஞ்சினாலும் அடுத்தவர் பையைத் தூக்கக் கூடாது.

சாராயம்... ஜாக்கிரதை

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் அதிகமான உயிர்களைக் குடித்தது மெத்தனால். அதே ஆண்டு நவம்பரில் லாவோசின் வாங் வியெங்கில் 6 வெளிநாட்டு சுற்றுலாப் பயணிகள் மெத்தனால் கலந்த மதுவால் செத்தார்கள். பக்கெட்டில் கலந்து தரும் மலிவு சரக்கைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம். சீல் உடைக்காத பாட்டில் மட்டும் போதும். டம்ளரை விட்டுவிட்டு பாத்ரூம் போனால், திரும்பி வந்து அதைத் தொடவே கூடாது.

சாப்பாடு எப்படி?

தாய் மொழியில் "நுவா" என்றால் மாட்டுக்கறி, "மூ" பன்றி, "கை" கோழி. காய்கறிப் பொரியலில் கூட "நாம்ப்ளா" என்ற மீன் சாஸ் ஊற்றுவார்கள். சைவக்காரர்கள் "கின் ஜே" என்று சொல்ல வேண்டும். மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் அந்தச் சாப்பாடு கிடைக்கும். பாங்காக்கில் பாகுராட் பகுதியில் இந்திய ஓட்டல்கள் நிறைய. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டில் 1947-ல் தொடங்கிய கோமள விலாஸ் இருக்கிறது.

ஊர் திரும்பிய பிறகு

ஆணுறை இல்லாமல் தப்பு நடந்துவிட்டால் மூடி மறைப்பதுதான் பெரிய ஆபத்து. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், ரகசியமும் காக்கப்படும். 1097-க்கு போன் செய்தும் கேட்கலாம். வெட்கப்பட்டு சும்மா இருந்தால், ஒன்றும் அறியாத மனைவிக்கும் அந்த நோய் போய்ச் சேரும்.

கிளம்பும் முன்: தாய்லாந்துக்கு 2025 மே முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம், கட்டணம் கிடையாது. ராத்திரி வெளியே போகும்போது பாஸ்போர்ட் ஓட்டல் லாக்கரில் இருக்கட்டும், நகல் போதும். ஒரே ஒரு கார்டு, தேவையான பணம் மட்டும் எடுத்துக் கொண்டு, ஓட்டல் முகவரி அட்டையை சட்டைப் பையில் வைத்துக் கொண்டால் எந்த டாக்சியிலும் ரூமுக்கு வந்து சேர்ந்து விடலாம்.