சங்கு ஊதும் முன் நீராகாரம்

அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளை நம்பி நெல் விளைந்த காலத்தில், மிஞ்சிய சோற்றைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடுவதுதான் வீட்டில் இரவின் கடைசி வேலை. விடிந்ததும் உப்பு, மோர், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். வயலுக்குப் போகிறவருக்கு அந்தப் பழைய சோறே சாப்பாடு.

பிறகு ஆலைகள் வந்தன. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. 1960களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. வயல் போனதும் பானை போய்விடவில்லை. முதல் ஷிப்டுக்கு ஓடுகிறவருக்கு அடுப்பு மூட்டாமல் கிடைப்பது வேறென்ன? கேஸ் அடுப்பும் கேன்டீன் இட்லியும் ‘ஏழைச் சோறு’ என்ற கூச்சமும் மெல்ல அதை ஓரங்கட்டின. ஃபிரிட்ஜுக்கும் இதில் பங்குண்டு. அதில் வைத்த சோறு சீக்கிரம் கெடாது; புளிக்கவும் புளிக்காது.

விஷயமே அந்தப் புளிப்பில்தான் தொடங்குகிறது. சென்னை வெக்கையில் ஊறும் சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகும். ஆறிய சோற்றின் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காமலே பெருங்குடலுக்குப் போகும். அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்கும். பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருள் அதுதான்.

சென்னையிலிருந்து பூந்தமல்லியைத் தாண்டிப் போனால் வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) பி.எஸ். ராமகிருஷ்ணாவின் குழு, காலரா நோயாளிகளுக்கான நீர்ச்சத்துக் கரைசலில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைக் கலந்து கொடுத்தது. பேதி சீக்கிரமே கட்டுப்பட்டது. 2000இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ அதை வெளியிட்டது.

குடல் அழற்சி நோயின் கதை வேறு. நியூயார்க்கில் மருத்துவர் கிரோன் 1932இல் விவரித்த நோயும் அல்சரேடிவ் கொலைட்டிஸும் வெகுகாலம் மேலைநாட்டுச் சீக்காகவே எண்ணப்பட்டன. இங்கிலாந்தின் லெஸ்டரில் குடியேறிய இந்தியர்களிடம் கொலைட்டிஸ் வெள்ளையரைவிட அதிகம் என்று 1992இல் ஓர் ஆய்வு காட்டியபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. உணவும் சூழலும் மாறியது காரணமா என்ற கேள்வி எழுந்தது. ஒற்றைக் காரணம் இன்னும் பிடிபடவில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ஜெஸ்வந்த் தலைமையில், பழைய சோறு இந்நோயாளிகளுக்கு உதவுமா என்று ஆராயத் தமிழக அரசு ரூ.2.7 கோடி ஒதுக்கியது. பாட்டி வைத்தியத்தை மேடையில் புகழ்வதைவிட இது எவ்வளவோ மேல். இதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து; குடல் சுருங்கிய கிரோன் நோயாளி, கூடவரும் பச்சை வெங்காயத்தைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.