பள்ளிகளில் ஆய்வுச் சிந்தனையும் வாழ்க்கைத்திறன் கல்வியும்

கேள்விப்பட்டதைச் சான்று கேட்டு ஆராயவும், தன் முடிவைக் காரணத்தோடு சொல்லவும், பிறர் நிலையை உணரவும் மாணவரைப் பழக்கும் கல்வி இது. உலக சுகாதார நிறுவனம் 1990களில் வகுத்த பத்து வாழ்க்கைத்திறன்களில் ஆய்வுச் சிந்தனை, முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் ஆகியவையும் அடங்கும்.

மும்பையில் இத்தகைய கல்விக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, மான்கூர்டில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கமான இம்மையம் 1974இல் தொடங்கப்பட்டது. ஜெயஸ்ரீ ராமதாஸும் உடன் பணியாற்றியோரும் தொடக்கப் பள்ளிகளுக்காக உருவாக்கிய ‘ஸ்மால் சயின்ஸ்’ நூல்வரிசை, மனப்பாடத்தை விலக்கி, சுற்றுப்புறத்தை உற்றுநோக்குதல், வரைதல், அளத்தல், விவாதித்தல் ஆகியவற்றின் வழியே பாடத்தை நடத்துகிறது.

இது வசதியுள்ள பள்ளிகளுக்கு மட்டும் உரிய சொகுசு அல்ல.

ரிஷி வேலி பள்ளியின் முறையைத் தழுவி, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆசிரியர் சொல்வதை வகுப்பே ஒன்றாகத் திருப்பிச் சொல்வதற்குப் பதிலாக, கற்றல் அட்டைகளை எடுத்து ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் படித்தது. சில ஆண்டுகளில் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் இம்முறை விரிவாக்கப்பட்டது.